எழுதி வைத்த ஊர்: தஞ்சாவூரில் தனியாக ஒரு நாள்



தஞ்சாவூரை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பள்ளிச் சுற்றுலாவில், கும்பகோணத்துக் கல்யாணத்துக்குப் போகும் வழியில், நவகிரகக் கோயில்களுக்கான பேருந்துப் பயணத்தில் என்று தமிழ்நாட்டில் பாதிப் பேராவது பெரிய கோயில் வாசலில் ஒருமுறை இறங்கியிருப்பார்கள். இறங்கியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு மணி நேரம். நந்தியைப் பார்த்து, விமானத்தை அண்ணாந்து பார்த்து, படம் எடுத்து முடிப்பதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிடுவார். அடுத்து தாராசுரம், அதற்கடுத்து சுவாமிமலை.

இந்த உரை பேசப்போவது வேறொரு பயணியைப் பற்றி. தனியாக வருகிற, ஒரு நாள் முழுவதையும் இந்த ஊருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிற ஒருவரைப் பற்றி. அவருக்கு இந்த ஊர் தரக்கூடிய ஒன்று, குழுவாக வருபவர்களுக்கு அநேகமாகக் கிடைப்பதில்லை. தஞ்சாவூர் தன்னைத் தானே எழுதி வைத்துக்கொண்ட ஊர். சோழர் கல்லில் எழுதினார்கள். மராட்டியர் அதே கோயிலின் சுவரில் எழுதினார்கள். ஓலையிலும் காகிதத்திலும் எழுதியவற்றைச் சேர்த்தும் வைத்தார்கள். எழுதியதைப் படிக்க நேரம் வேண்டும். பக்கத்தில் அவசரப்படுத்த ஆள் இல்லாதவருக்குத்தான் அந்த நேரம் கிடைக்கிறது.

பயணி ஒரு பெண் என்றே வைத்துக்கொள்வோம். சென்னையில் இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் தஞ்சாவூர். ரயிலடியிலிருந்து பெரிய கோயில் நடந்து போகிற தூரம்தான். அங்கிருந்து அரண்மனையும் 2 கிலோமீட்டருக்குள். பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி இந்தக் கோட்டுக்குள்ளேயே இருப்பதால், நாளெல்லாம் ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குளித்து, ஒரு காபி குடித்துவிட்டு, காலை வெயில் ஏறுமுன் அவர் கோயில் வாசலுக்கு வந்துவிடலாம். செருப்பில்லாமல் நடக்க வேண்டிய இடம். நண்பகலில் அந்தக் கல்தளத்தில் கால் வைக்க முடியாது. காலையில் கோயில், மதியம் அரண்மனை, மாலையில் வீதிகள் என்று நாளைப் பிரிப்பதற்கு முதல் காரணம் இந்தக் கல்சூடுதான்.

வாசலிலேயே காலங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. வெளியே அகழியும் கோட்டைச் சுவரும் நாயக்கர் காலத்தவை. உள்ளே நுழைந்தால் கேரளாந்தகன் திருவாயில். சேரரை வென்றதன் நினைவாகச் சோழ மன்னன் ராஜராஜன் கொண்ட பட்டப்பெயர் அது. அதைத் தாண்டினால் ராஜராஜன் திருவாயில். பிறகு வரும் ஒற்றைக்கல் நந்தியும் அதன் மண்டபமும் மறுபடி நாயக்கர் காலம். அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது. வடமேற்கில் நுணுக்கமான வேலைப்பாட்டோடு நிற்கும் முருகன் கோயில் நாயக்கர் கொடை. வரலாற்றுப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாகப் படித்தவை, இங்கே ஒரே முற்றத்தில் பத்தடி இடைவெளியில் கிடைக்கின்றன.

விமானத்தின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர், 13 நிலைகள், முழுவதும் கருங்கல். அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியாதுதான். ஆனால் தனியாக வந்தவர் சற்று நேரம் கழித்தாவது கண்ணைக் கீழே இறக்க வேண்டும். விமானத்தின் அடித்தளம் முழுக்க எழுத்து. இடுப்பு உயரத்தில், தலை உயரத்தில், வரி வரியாக, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போகும் தமிழ்.

அதைப் படிக்க முடியுமா என்றால், கொஞ்சம் முடியும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்தானாலும் ட, ப, ய போன்றவை இன்றைய வடிவத்துக்கு வெகு அருகில் இருக்கின்றன. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். வடமொழிச் சொல் வரும் இடத்தில் கிரந்த எழுத்து வரும். இவ்வளவு தெரிந்துகொண்டு ஒரு வரியின் முன்னால் அரை மணி நேரம் நின்றால், ஒரு ஊர்ப்பெயரோ ஒரு எண்ணோ சட்டென்று பிடிபடும். பிடிபடும் அந்த நொடியில் கல் வேடிக்கைப் பொருளாக இருப்பது நின்றுபோகிறது.

படிக்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இதே சுவர்தான் சாட்சி. இவ்வளவு பெரிய எழுத்துப் பரப்பில் ராஜராஜன் பெயர் திரும்பத் திரும்ப வந்தும், 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டியவர் கரிகாலன் என்று நம்பியவர்கள் பலர். தலபுராணம் அப்படிச் சொல்லியது. அரசின் கல்வெட்டாய்வாளராக 1886இல் வந்த ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ் இந்தச் சுவர்களைப் படித்த பிறகுதான் கட்டியவர் யார் என்பது ஐயமின்றி நிலைபெற்றது. அவர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி பெரும்பாலும் இந்த ஒரு கோயிலின் எழுத்துக்கே ஒதுக்கப்பட்டது. பெயர் சுவரில் இருந்தது, மக்கள் தினமும் அதைச் சுற்றி வலம் வந்தார்கள், படித்தவர் இல்லை.

என்னதான் எழுதியிருக்கிறது? ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்தின் உச்சியில் வைக்கப் பொன் போர்த்த செப்புக்குடம் கொடுத்தது எழுதியிருக்கிறது. தான் கொடுத்தது, தமக்கை குந்தவை கொடுத்தது, அரசியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன ஆணையும் எழுதியிருக்கிறது. அரசன் தன் கொடையோடு பிறர் கொடையையும் சேர்த்துப் பதியச் சொன்னதால்தான் அந்தச் சுவரில் இத்தனை பேருக்கு இடம் கிடைத்தது.

ஒரு விளக்கின் கணக்கைப் பாருங்கள். அணையாமல் எரியும் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். எந்த ஊரில் எந்த இடையரிடம் கால்நடை விடப்பட்டது என்று பெயரோடு இருக்கிறது. கோயில் பணத்தைக் கடனாக வாங்கிய ஊர்ச் சபைகள் காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்ட வேண்டும், நூற்றுக்குப் பன்னிரண்டரை. இது கோயிலா, மாநிலத்தின் வரவுசெலவு ஏடா என்று திகைக்க வைக்கும் துல்லியம்.

ஆட்கள் வேறு இருக்கிறார்கள். கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடியேற்றப்பட்ட 400 ஆடல் மகளிரின் பட்டியல், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்ற விவரத்தோடு. திருவாரூர், பழையாறு, நாகப்பட்டினம் என்று அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதும் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். திருப்பதியம் பாட 48 பேர், அவர்களுக்கு மத்தளமும் உடுக்கையும் வாசிக்க 2 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். பெருந்தச்சர் குஞ்சரமல்லனும் உண்டு, நாவிதரும் உண்டு. உலகின் பெரிய கட்டடங்கள் பலவற்றில் கட்டியவன் பெயர் மட்டுமே நிற்கும். இங்கே வேலை செய்து வாழ்ந்தவர்களின் முகவரியே நிற்கிறது.

இந்த இடத்தில் இரண்டு கதைகளைப் பேசியாக வேண்டும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது ஒன்று. காலையில் மேற்கே விழுகிறது, மாலையில் கிழக்கே விழுகிறது. ஒரு நாள் முழுக்க ஊரில் இருக்கும் பயணி இரண்டையும் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவார். உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பது இன்னொன்று. அது பல கற்களை இணைத்துச் செய்தது என்பதைக் குடவாயில் பாலசுப்ரமணியன் போன்ற ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இந்தக் கதைகள் இல்லாமல் போனால் கோயிலின் பெருமை குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதே இல்லை. 96 ஆடுகளின் கணக்கும் 400 வீடுகளின் வரிசையும், நிழல் விழாத அதிசயத்தைக் காட்டிலும் எவ்வளவோ பெரிய வியப்பு.

பார்க்க முடியாதவையும் சில இங்கே இருக்கின்றன. கருவறையைச் சுற்றிய உள் நடையில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுந்தரர் வரலாறும் திரிபுரம் எரித்த சிவனும் அங்கே வண்ணத்தில் இருக்கின்றன. அதற்கு மேல்தளத்தில் நாட்டியக் கரணங்கள் 108இல் 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. மீதி 27க்கு இடம் விட்டபடியே நிற்கிறது. இரண்டும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதில்லை. மூச்சுக்காற்றின் ஈரமும் கைபடுவதும் ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு நியாயமானது. கோயில் வளாகத்திலேயே தொல்லியல் துறை வைத்திருக்கும் விளக்க மையத்தில் அவற்றின் படங்களைப் பார்க்கலாம். நிழலும் கிடைக்கும்.

புறப்படுமுன் திருச்சுற்றின் தென்மேற்குப் பகுதிக்கு அவசியம் போக வேண்டும். அங்கே சுவரில் இருப்பது மராத்தி. இரண்டாம் சரபோஜி 1803இல் பொறிக்கச் செய்த போன்ஸ்லே வம்ச சரித்திரம். சிவாஜியின் தம்பி ஏகோஜியின் வழி வந்த தன் குடும்பத்தின் வரலாற்றை நீண்ட கல்வெட்டாக வெட்டி வைத்தார். ராஜராஜன் எழுதி எட்டு நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆட்சியின் நிஜ அதிகாரமும் அதற்குள் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போய்விட்டது. தன் குலத்தின் கதை எங்கே நிலைக்கும் என்று யோசித்த அரசருக்கு இந்தச் சுவர்தான் தோன்றியிருக்கிறது. நம் பயணிக்கு மராத்தி தெரியாமல் இருக்கலாம். ஆனாலும் தமிழ் வரிகளின் முன் நின்ற அதே காலையில் இதன் முன்னும் நிற்பவருக்கு, இந்த ஊரின் பழக்கம் என்ன என்பது விளங்கிவிடும்.

கோட்டைக்குள்ளேயே வடக்கே சிவகங்கைக் குளமும் பூங்காவும் இருக்கின்றன. பக்கத்தில் 1779இல் எழுந்த சுவார்ட்ஸ் தேவாலயம். ஜெர்மானியப் போதகர் சுவார்ட்ஸ் சரபோஜியை இளமையில் பாதுகாத்துக் கல்வி தந்தவர், 1798இல் காலமானார். மரணப் படுக்கையிலிருக்கும் ஆசிரியரின் கையைச் சீடரான அரசர் பிடித்திருக்கும் காட்சியை லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் பளிங்கில் வடித்தார். அது இந்தத் தேவாலயத்தில் இருக்கிறது. கதவு திறந்திருக்கும் நேரம் அமைந்தால் அது பெரும்பேறு. ஒரு இந்து அரசர் தன் கிறித்தவ ஆசிரியருக்கு எடுத்த நினைவுச் சின்னம், ராஜராஜன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

உச்சிப் பொழுதில் கோயில் நடையைச் சாத்திவிடுவார்கள். இலை போட்டுச் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு. பயறு வேகவைத்து நெய்யில் கிண்டும் அசோகா திருவையாற்றின் இனிப்பு, தஞ்சாவூரிலும் கிடைக்கும். தனியாகச் சாப்பிட உட்காரும் பெண்ணிடம் "தனியாவா வந்தீங்க?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பெரும்பாலும் அது அக்கறையோடு கேட்பதுதான். அடுத்து எங்கே போக வேண்டும், எந்த வழி குறுக்கு வழி என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மதியம் அரண்மனை. ராஜராஜன் வாழ்ந்த அரண்மனை என்று யாராவது காட்டினால் நம்ப வேண்டாம். சோழரின் பழைய தலைநகரான தஞ்சாவூரை 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியன் மாறவர்மன் சுந்தரன் எரித்து அழித்தான். தரைக்கு மேல் அந்த அரண்மனையின் சுவடு எதுவும் இல்லை. இன்று நிற்பது நாயக்கர் தொடங்கி மராட்டியர் விரித்த கட்டடத் தொகுதி. அதற்குள் இரண்டு இடங்களுக்கு மட்டும் நேரத்தைத் தாராளமாகக் கொடுத்தால் போதும்.

முதலாவது கலைக்கூடம். தஞ்சாவூரின் கரந்தைப் பகுதியில் இருந்த பிரம்மா சிலையைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக ஒருவர் விரும்ப, ஊர் மக்கள் விடமாட்டோம் என்று நின்றார்கள். அந்தச் சிலைக்கு அரண்மனையில் இடம் தேடியதிலிருந்து 1951இல் பிறந்தது இந்தக் கூடம். இங்கே தலைசிறந்தது திருவெண்காட்டு மண்ணிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர். காளை இல்லை. அதன் மேல் சாய்ந்து ஊன்றியிருந்த கை மட்டும் வெற்றிடத்தில் அப்படியே தங்கியிருக்கிறது. தலையில் சடையைப் பாம்புகளோடு சுற்றித் தலைப்பாகை போலக் கட்டியிருக்கிறார். பெரிய கோயிலில் குடம் வைத்த மறு ஆண்டு, 1011இல் செய்த படிமம் இது. தேவியின் படிமம் 1012. ஆண்டு எப்படித் தெரியும்? திருவெண்காட்டுக் கோயில் சுவரில் எழுதியிருக்கிறது.

காலையில் கல்வெட்டின் முன் நின்றவருக்கு இங்கே ஒரு கணக்கு நேராகும். பெரிய கோயிலுக்கு ராஜராஜனும் குந்தவையும் பிறரும் கொடுத்த செப்புப் படிமங்கள் பலவற்றின் உயரத்தை முழத்திலும் விரலிலும், கைகளின் எண்ணிக்கையோடு கல்லில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் படிமங்களில் மிகப்பெரும்பாலானவை இன்று இல்லை. சுவரில் அளவு இருக்கிறது, உருவம் இல்லை. கூடத்தில் அதே தலைமுறையின் உருவம் இருக்கிறது. அளவைப் படித்துவிட்டு வந்து இந்த உருவத்தைப் பார்ப்பவர், காணாமல் போனவை எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது சரசுவதி மகால் நூலகம். நாயக்கர் காலத்தில் வேர் விட்டு, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜியின் கையில் பெருகியது. வடமொழி, தமிழ், தெலுங்கு, மராத்தி என்று ஏறத்தாழ 49,000 சுவடிகள். அரசர் காசி யாத்திரை போனபோதும் சுவடி சேர்த்தார். 1805இல் அரண்மனையிலேயே தேவநாகரி அச்சுக்கூடம் வைத்தார். தன்வந்திரி மகாலில் சித்த, ஆயுர்வேத, யுனானி, ஐரோப்பிய மருத்துவங்களைச் சோதித்தார்கள். கண் நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைந்து, சிகிச்சை விவரத்தையும் எழுதி வைத்த ஏடுகள் இந்த நூலகத்தில் இருக்கின்றன. நெய் அளந்த இடையரைக் கல்லில் எழுதிய ஊரில், கண் நோய் வந்தவர்களைக் காகிதத்தில் எழுதியிருக்கிறார்கள்.

அரண்மனையின் அன்றாடக் கணக்குகள் மராத்தியின் பழைய கையெழுத்து வடிவமான மோடி எழுத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அவற்றில் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. அரச வம்சம் 1855இல் முடிந்தது. நூலகம் 1918இல் பொதுமக்களுக்குத் திறந்தது. பார்வையாளர் காண்பது காட்சிக்கூடத்தில் வைத்திருக்கும் சிறு பகுதியைத்தான். ஆய்வுக்கு வருபவர்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. அங்கே விலைக்குக் கிடைக்கும் நூலகப் பதிப்புகளில் சரபேந்திர வைத்திய முறைகள் வரிசையில் ஒன்றை வாங்கிக்கொண்டால் திரும்பும் ரயிலில் படிக்கலாம்.

மாலையில் வீதிகள். மேல வீதியில் பங்காரு காமாட்சி கோயில் இருக்கிறது. கர்நாடக இசை மேதை சியாமா சாஸ்திரிகளின் குடும்பம் வழிவழியாகப் பூசை செய்த கோயில். அதே வீதியில்தான் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரின் இல்லம். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்தவர்கள் இவர்கள். 400 ஆடல் மகளிர் வாழ்ந்த நகரத்தில், எண்ணூறு ஆண்டு கழித்து, அதே கலைக்கு இந்த வீதியில் ஒழுங்கு அமைந்தது. பெரிய கோயிலின் தேர் நூறாண்டு இடைவெளிக்குப் பின் 2015இல் மீண்டும் ஓடியதும் மேல வீதி உள்ளிட்ட நான்கு ராஜ வீதிகளில்தான். பொழுது சாயுமுன் கோயிலுக்குத் திரும்பினால், காலையில் மேற்கே பார்த்த நிழலைக் கிழக்கே பார்த்துவிட்டு ரயிலடிக்குப் போகலாம்.

அவையோரே, இப்படியொரு நாள் இன்று ஒருவருக்குக் கிடைக்க வேண்டுமானால் அவர் பாதி விஷயத்தை முன்னமே படித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. கல்வெட்டின் முன் நிற்பவருக்கு அது என்ன சொல்கிறது என்று சொல்ல அந்த இடத்தில் ஏற்பாடு போதாது. இத்தனைக்கும் 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோயில் இது. இந்தக் குறையைத் தீர்க்க இந்த ஊரைச் சேர்ந்தவர்கள் செய்யக்கூடிய மூன்று வேலைகள் உண்டு.

முக்கியமான பத்துக் கல்வெட்டுகளை இன்றைய தமிழில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமாக எழுதி, எந்தச் சுவரில் எந்த இடத்தில் என்ற வரைபடத்தோடு கோயில் வாசலில் கிடைக்கச் செய்வது முதலாவது. தனியாக வருபவர், அதிலும் பெண்கள், பையை நம்பி வைத்துவிட்டு நடக்கவும், குடிநீரும் சுத்தமான கழிப்பறையும் காணவும் கோயில், அரண்மனை இரண்டு இடத்திலும் வசதி கேட்டுப் பெறுவது இரண்டாவது. நிழல் விழாத கதையைச் சொல்லிப் பிழைக்கும் வழிகாட்டிகளுக்கு 96 ஆடுகளின் கதையைச் சொல்லிக் கொடுப்பது மூன்றாவது. கேட்பவர்கள் அதை இன்னும் ஆவலோடு கேட்பார்கள்.

முதல் வேலையை இந்த அரங்கில் இருக்கும் கல்லூரி மாணவர்களே தொடங்கலாம். கல்வெட்டுப் பாடம் நூறாண்டுக்கு மேலாக அச்சில் இருக்கிறது. விளக்கம் சொல்லத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். விளக்குக் கல்வெட்டையே முதல் பக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கணக்கு இருக்கிறது, ஊர்ப்பெயர் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி எழுதிவிடலாம்.